ஆஃப்ரோடு வண்டிக்கு இன்சூரன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார் கிளைம் மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோவையிலிருந்து நண்பர்களோடு மண் பாதை தேடிப் போகிறேன். இது தெரிந்ததிலிருந்து, டீக்கடையில் நின்றால்கூட "அண்ணா, ஒரு டவுட்டு" என்று யாராவது வந்துவிடுகிறார்கள். கேட்பது பெரும்பாலும் அதே சில கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். எல்லாம் இந்தியாவில், சொந்த உபயோகத்துக்குப் பதிவான கார், பைக் பற்றியவை.

தார், ஜிம்னி மாதிரி வண்டிக்குன்னு தனி இன்சூரன்ஸ் இருக்கா?

இல்லை. அமெரிக்காவில் ஏடிவி (மண் பாதைக்கான திறந்த நாலு சக்கர வண்டி), ஸ்னோமொபைல் போன்றவற்றுக்கென்றே தனி பாலிசி விற்கிறார்கள். இங்கே ஆர்.சி.யில் என்ன வகை என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. பக்கத்து வீட்டு ஆல்ட்டோவின் பாலிசியில் இருக்கும் வாசகம்தான் உங்கள் தாருக்கும். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் வைத்திருப்பவர்களுக்கு சாதாரண டூவீலர் பாலிசி.

அதில் இரண்டு பாதி உண்டு. நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் உயிரிழப்பு, காயம், சொத்துச் சேதத்துக்கு தேர்ட் பார்ட்டி. நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கு ஓன் டேமேஜ். இரண்டும் சேர்ந்தால் பேக்கேஜ் பாலிசி. பேச்சுவழக்கில் ஃபுல் இன்சூரன்ஸ்.

தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டா போதாதா? சட்டம் அதைத்தானே கேட்குது?

சட்டத்துக்குப் போதும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 146ஆம் பிரிவு கேட்பது அதை மட்டும்தான். அதுவும் இல்லாமல் மாட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசே நிர்ணயிப்பதால் எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒரே தொகை. 2022 ஜூன் 1-ல் வந்த அட்டவணைப்படி, வரி நீங்கலாக, 1000 முதல் 1500 சிசி வரையுள்ள காருக்கு 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897. 1462 சிசி ஜிம்னி முதல் வகுப்பில் வரும், ஃபோர் பை ஃபோர் தார் இரண்டாவதில். பைக்கில் 350 சிசி தாண்டினால் 2,804.

ஆனால் ஆஃப்ரோடு போகிறவர்கள் இதோடு நிறுத்தக்கூடாது என்பதற்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே காரணம். தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில் சொந்தக் காருக்குள் இருக்கும் பயணிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல, பேக்கேஜ் பாலிசியில்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொல்லியிருக்கிறது. மலைச்சரிவில் வண்டி உருண்டால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். பைக்கின் பின்னால் உட்காருபவருக்கும் இதே நிலைதான்.

புது வண்டி, மூணு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் கட்டியாச்சு. இப்ப என்ன கவலை?

பாலிசியை எடுத்துத் தேதிகளைப் பாருங்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருடம், புது டூவீலருக்கு ஐந்து வருடம் தேர்ட் பார்ட்டி சேர்த்துக் கட்டியே ஆகவேண்டும். ஓன் டேமேஜ் பாதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். ஷோரூமில் வாங்கிய காகிதத்தைத் திறந்தே பார்க்காமல், இரண்டாம் வருடம் பாறையில் மோதிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பாலிசி உயிரோடுதான் இருந்தது, ஆனால் அவர்களுக்கு வேண்டிய பாதி போன வருடமே முடிந்திருந்தது.

ரோட்டை விட்டு இறங்கினாலே கிளைம் கிடைக்காதுன்னு சொல்றாங்களே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதில்: அப்படி இல்லை. வழக்கமான கார் பாலிசியில் 'ஆஃப்ரோடு' என்ற சொல்லே கிடையாது. எதற்கெல்லாம் ஓட்டக்கூடாது என்று ஒரு பத்தி இருக்கும்: வாடகைக்கு விடுவது, சரக்கு ஏற்றுவது, நடத்தப்படும் பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் தாங்கும் திறனைச் சோதிக்கும் போட்டி, வண்டி வாங்கி விற்கும் தொழில். தோப்புக்குள் மண் பாதையில் போவது அந்தப் பட்டியலில் இல்லை.

சர்வேயர் (சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் ஆள்) உண்மையில் பார்ப்பது வேறு. வெளியே இருந்து பட்ட அடியா, உள்ளே தானாக வந்த பழுதா? பாறையில் இடித்து ஆக்ஸில் வளைந்தால் அது வெளியே இருந்து பட்ட அடி, கிளைம் உண்டு. மணலில் மாட்டிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து கிளட்ச் கருகினால் அது தேய்மானம், கிளைம் இல்லை. உருண்டது, மரத்தில் மோதியது, மண்சரிவில் சிக்கியது எல்லாம் முதல் வகை. கியர்பாக்ஸ் தானாகத் தகராறு செய்தால் இரண்டாம் வகை. இந்த ஒரு பிரிவினை புரிந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. வண்டிக்குச் சேதம் வராமல் உரிமையாளர் நியாயமான கவனம் எடுக்கவேண்டும். அடிபட்ட பிறகு சரிசெய்யாமலே ஓட்டினால் அதனால் கூடும் சேதம் அவர் தலையில். அடுத்த கேள்வியில் இதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

ஓடையில இறங்கினேன், என்ஜின்ல தண்ணி போயிடுச்சு. வருமா வராதா?

பெரும்பாலும் அந்த முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் செய்ததைப் பொறுத்தது. சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விட்டால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த நேரம் சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். இன்சூரன்ஸ் பாஷையில், தண்ணீர் புகுந்தது ஒரு சம்பவம், மறுபடி ஸ்டார்ட் செய்து என்ஜினை உடைத்தது அதன் பின்விளைவு. பின்விளைவுச் சேதத்துக்கு அடிப்படை பாலிசி பணம் தராது.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வாய்க்காலில் இரண்டு வண்டி அடுத்தடுத்து நின்றன. முதல் பையன் பதற்றத்தில் நான்கு தடவை செல்ஃப் அடித்தான். நாலாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். இரண்டாவது வண்டிக்காரர் சாவியை எடுத்து ஜோபியில் போட்டுவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து பார்த்தோம், காகிதம் முழுக்க ஊறியிருந்தது. வண்டியை மேலே இழுத்து, அப்படியே ட்ரக்கில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினோம். அவருக்கு ஆயில் மாற்றி, இன்ஜெக்டர் கழற்றித் தண்ணீர் வடித்ததோடு முடிந்தது. முதல் பையனுக்கு என்ஜின் பாதி புதிது.

என்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இதற்காகவே இருக்கிறது. ஆற்றில் இறங்குபவர்கள் அதை வாங்காமல் இருப்பது தவறு என்பதே என் கருத்து. ஆனால் வாசகத்தைப் படித்து வாங்குங்கள். நின்றபின் மறுபடி ஸ்டார்ட் செய்தால் கிடையாது என்று பல கம்பெனிகள் எழுதியிருக்கும். சிலது வெள்ளம் தேங்கியதற்கு ஆதாரம் கேட்கும். நீங்களாக ஓடையில் இறக்கியது வெள்ளத்தில் சேருமா என்று வாங்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடியில கல்லு தட்டி ஆயில் ஒழுகிடுச்சு. அதுவும் இதே கதைதானா?

கிட்டத்தட்ட. ஆயில் சம்ப் (என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் கிண்ணம்) உடைந்தது வெளியே இருந்து பட்ட அடி, அதற்குப் பணம் வரும். மீட்டரில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தும் ஊர் வரைக்கும் ஓட்டி என்ஜின் பிடித்துக்கொண்டால், அது பின்விளைவு. கல் தட்டிய சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி, குனிந்து அடியில் பாருங்கள். ஆயில் கசிவால் என்ஜின் போவதையும் என்ஜின் ப்ரொடெக்டில் பல கம்பெனிகள் சேர்க்கின்றன.

ஜீரோ டெப் போட்டிருக்கேன். அப்ப எல்லாமே ஃபுல்லா வந்துடுமா?

கிளைம் ஏற்கப்பட்டால் உதிரிபாகத்தின் தேய்மானத்தைக் கழிக்கமாட்டார்கள், அவ்வளவுதான் அதன் அர்த்தம். அது இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி பாகங்களுக்குப் பாதிப் பணம் கழியும்; ஃபைபருக்கு 30 சதவீதம்; இரும்புப் பாகங்களுக்கு வண்டி வயதைப் பொறுத்து. நான்கு முதல் ஐந்து வயது வண்டியென்றால் 35 சதவீதம். ஆஃப்ரோடில் முதலில் உடைவது பம்பர், வீல் ஆர்ச், அடிமூடி, எல்லாம் பிளாஸ்டிக். அதனால் ஜீரோ டெப் நமக்கு மற்றவர்களைவிட அதிகம் உதவும்.

ஆனால் கிளைமே ஆகாத ஒன்றை அது கிளைமாக்காது. கருகிய கிளட்ச் ஜீரோ டெப்பிலும் வராது. கட்டாயக் கழிவு என்று காருக்கு 1500 சிசி வரை 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் நம் கையிலிருந்து போகும். 'ஒவ்வொரு சம்பவத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். ஆறு மாதமாகச் சேர்ந்த முள் கீறல், கதவு நசுங்கல், பம்பர் விரிசல் எல்லாவற்றையும் ஒரே விபத்து என்று எழுதிக் கொடுத்தால், துரு பிடித்த நசுங்கலையும் புது நசுங்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற சர்வேயர் நம்பமாட்டார். பொய் எழுதிய ஃபாரம் நல்ல கிளைமையும் சேர்த்துக் கெடுக்கும்.

கூர்க்கல்லுல டயர் கிழிஞ்சா?

டயர் மட்டும் கிழிந்தால் அடிப்படை பாலிசியில் கிடையாது. வண்டிக்கும் அதே சம்பவத்தில் சேதம் ஆகியிருந்தால் டயர் விலையில் பாதி. டயருக்கென்று தனி ஆட்-ஆன் (கூடுதல் கவர்) உண்டு, ஆனால் கம்பெனி போட்ட அளவு டயர்தானா என்பதை அதில் பார்ப்பார்கள். அது அடுத்த கேள்விக்குக் கொண்டுபோகிறது.

பெரிய டயர், லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்துவது), வின்ச் (கயிறு கட்டி இழுக்கும் மோட்டார்), ஸ்நார்க்கல் (என்ஜினுக்கு மேலிருந்து காற்று எடுக்கும் குழாய்) போட்டிருக்கேன். சொல்லணுமா, சொல்லாம விட்டா தெரியவா போகுது?

தெரியும். விபத்து வண்டியை சர்வேயர் நாற்பது படம் எடுப்பார். சொல்லிவிடுங்கள்.

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, போட்ட பொருளுக்குக் காப்பீடு. விளக்கு, வின்ச் போன்ற மின்சாதனங்களின் விலையைச் சொல்லி, அதில் வழக்கமாக 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில் ஏற்றலாம். ரூஃப் ரேக் போன்ற மற்றவற்றின் மதிப்பையும் தனியாகச் சேர்க்கலாம். பில் வேண்டும். சொல்லாத பொருளுக்குப் பணம் வராது.

இரண்டாவது, மாற்றமே சட்டப்படி சரியா என்பது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ போடலாம். பம்பருக்கு முன்னால் போடும் இரும்புத் தடுப்பான புல் பார் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவர்களுக்கு ஆபத்து, ஏர்பேக் விரிவதையும் குழப்பும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் ஆர்.டி.ஓ. விஷயம் சரியாகிவிடாது. இரண்டு கதவையும் தட்டவேண்டும்.

என் யோசனை: வின்ச், விளக்கு, ரெக்கவரி கொக்கி வரை போங்கள், எழுதிக் கொடுங்கள். மூன்று அங்குல லிஃப்ட் போட்டு வண்டியின் ஈர்ப்பு மையத்தையே ஏற்றிவிட்டு, உருண்ட பிறகு கிளைம் கேட்டால், லிஃப்ட்டால்தான் உருண்டது என்று சொல்ல அவர்களுக்கு நாமே காரணம் கொடுக்கிறோம்.

பள்ளத்துல மாட்டினா இழுக்குற செலவை யார் கொடுப்பாங்க?

விபத்தான காரைப் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோக அடிப்படை பாலிசி தருவது மொத்தம் 1,500 ரூபாய், டூவீலருக்கு 300. மலையில் கிரேன் வரவழைத்தால் அது ஏறும் வாடகைக்கே பத்தாது. கூடுதல் பிரீமியம் கட்டி இந்த வரம்பை ஏற்றிக்கொள்ளலாம். ரோடு சைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதே என்பார்கள். அதன் விதிகளைப் படியுங்கள். ட்ரக் வந்து சேரும் தார் ரோடு வரைதான் அநேகமாக அவர்கள் பொறுப்பு. வெறும் சேற்றில் மாட்டி, சேதம் ஏதும் இல்லையென்றால் அது விபத்தே அல்ல. அதனால்தான் ஒற்றை வண்டியாகப் போகாதீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறோம்.

ஒரு ஆஃப்ரோடு ஈவென்ட்ல பேர் கொடுத்திருக்கேன். பாலிசி செல்லுமா?

நேரம் எடுத்து, புள்ளி போட்டு, பரிசு கொடுத்தால் அது போட்டி. மேலே சொன்ன தடைப் பட்டியலில் நேராக விழும். கோவாவில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்றவற்றுக்கு ஊர் ஓட்டும் பாலிசியை நம்பிப் போகக்கூடாது. ராலிக்கென்று பாலிசியை நீட்டிக்கும் வழி பழைய மோட்டார் டாரிஃபிலேயே (எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதித் தொகுப்பு) உண்டு, ஆனால் முன்கூட்டியே கேட்டு, பணம் கட்டி, பாலிசியில் குறிப்பு வாங்கியிருக்கவேண்டும். புள்ளியும் கடிகாரமும் இல்லாமல் நண்பர்கள் வரிசையாகப் போவது போட்டி ஆகாது. நடுவில் இருப்பவைதான் சிக்கல். நுழைவுக் கட்டணம், ஸ்டிக்கர் எண், கடைசியில் 'சிறந்த ஓட்டுநர்' கோப்பை என்று இருந்தால், தேதியையும் இடத்தையும் எழுதிக் கம்பெனியிடமே கேட்டுவிடுங்கள்.

ஏடிவி, டர்ட் பைக் வாங்கினா அதுக்கு எப்படி?

கவாசாகி கேஎக்ஸ் போன்ற டர்ட் பைக்குகள் இங்கே டிராக்குக்கு மட்டும் என்று விற்கப்படுபவை, ஆர்.டி.ஓ. பதிவு கிடையாது. பதிவு இல்லாத வண்டிக்கு சாதாரண மோட்டார் பாலிசியும் கிடையாது. எனவே தெருமுனைக் கடை வரைகூட ஓட்டக்கூடாது. ட்ரெய்லரில் டிராக்குக்குக் கொண்டுபோய், அங்கேதான் ஓட்டவேண்டும். 'என் தோட்டம்தானே' என்பவர்களுக்கு ஒன்று: பொதுமக்களுக்குப் போக உரிமையுள்ள எந்த இடமும் சட்டப்படி பொது இடம்தான். தோட்டத்துக்கு நடுவே ஊர்ப் பாதை போனால் அந்தப் பாதையும் அதில் சேரும்.

ரிசார்ட்டில் ஏடிவி சவாரி போகும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அது அவர்களுக்கான பாதுகாப்பு. நம் பாதுகாப்புக்கு நம்மிடம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கவேண்டும். காரோடு எடுக்கும் 15 லட்ச ரூபாய் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு நம் வண்டி சம்பந்தப்பட்ட விபத்துக்கானது. ரிசார்ட் ஏடிவிக்கு அதை நம்பவேண்டாம்.

வார இறுதியில நண்பன் வண்டியைக் கேக்குறான். கொடுக்கலாமா?

செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்து, குடிக்காமல் ஓட்டினால் சும்மா கொடுப்பதில் பாலிசிக்குப் பிரச்சினை இல்லை. டீசல் செலவு போக 'ஏதாவது கொடுடா' என்று வாங்கிய உடனே அது வாடகைப் பேச்சாகிவிடும். ஜிபே செய்தி அதற்குச் சாட்சி. இப்படிப்பட்ட மீறலில் கிளைமை முழுதாக மறுக்காமல் 75 சதவீதம் வரை தரலாம் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அது வழக்காடி வாங்கிய ஆறுதல்.

பம்பர் உடைஞ்சதுக்கு 9,000 ஆகும்ங்கிறாங்க. கிளைம் போடவா, கையில கட்டவா?

நோ கிளைம் போனஸைக் கணக்குப் பாருங்கள். கிளைம் இல்லாத வருடங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரு கிளைம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கும். உதாரணமாக இப்போது 35-ல் இருக்கிறீர்கள், தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 15,000. கிளைம் போடாவிட்டால் அடுத்த வருடம் 45, பிறகு 50. போட்டால் 0, 20, 25, 35, 45 என்று முதலிலிருந்து. ஐந்து வருட வித்தியாசத்தைக் கூட்டினால் 120 சதவீதம், அதாவது 18,000 ரூபாய். வருடாவருடம் பிரீமியம் கொஞ்சம் குறையும், அப்போதும் 9,000-க்குக் கிளைம் போடுவது நஷ்டம்தான். போனஸைக் காக்கும் ஆட்-ஆன் இருந்தால் கணக்கு மாறும்.

ரெண்டு கொட்டேஷன் வந்திருக்கு, ஒண்ணு நாலாயிரம் கம்மி. எதை எடுக்கலாம்?

முதலில் ஐ.டி.வி.யைப் பாருங்கள். வண்டி முழுதாகப் போனால் கிடைக்கும் தொகை அது. தேர்ட் பார்ட்டி எங்கும் ஒன்றுதான் என்பதால் வித்தியாசம் முழுக்க ஓன் டேமேஜில்தான் வரும். அதைக் குறைத்துக் காட்ட எளிய வழி ஐ.டி.வி.யைக் குறைப்பது. பழுது செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டமாக எடுப்பார்கள். உருண்ட வண்டிக்குக் கூரை, கதவு, சஸ்பென்ஷன் என்று பில் சுலபமாக அந்த எல்லையைத் தொடும். ஐ.டி.வி. 12 லட்சமா 10 லட்சமா என்பதன் அருமை அப்போது தெரியும்.

பிறகு என்ஜின் ப்ரொடெக்டின் வாசகம், ஜீரோ டெப்பில் வருடத்துக்கு எத்தனை கிளைம், விருப்பக் கழிவு (கட்டாயக் கழிவுக்கு மேல் நாமே ஏற்கும் தொகை) என்று உங்களைக் கேட்காமலே ஏதாவது ஏற்றியிருக்கிறார்களா, நீங்கள் வழக்கமாகப் போகும் பட்டறை கேஷ்லெஸ் (கம்பெனியே பட்டறைக்கு நேராகப் பணம் கட்டும்) பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். லடாக்கோடு நிற்காமல் நேபாளம், பூட்டான் போகும் எண்ணம் இருந்தால் எல்லை நீட்டிப்பும் கேளுங்கள். பாலிசி இந்தியாவுக்குள்தான் செல்லும். இதெல்லாம் சமமாக இருந்து நாலாயிரம் குறைந்தால் தாராளமாகக் குறைந்ததை எடுங்கள்.

அனுமதி இல்லாம ஆத்துக்குள்ள, காட்டுக்குள்ள இறக்கினா?

காப்புக்காட்டுக்குள் இறக்குவது வனச் சட்டப்படி குற்றம், வண்டியையே பறிமுதல் செய்யலாம். 2023 டிசம்பரில் இமாசலத்தின் லாஹௌலில் போக்குவரத்து நெரிசலைத் தவிர்க்க சந்திரா ஆற்றுக்குள் ஒரு தாரை ஓட்டிய காணொளி பரவி, போலீஸ் அபராதம் போட்டது. கிளைம் கேட்டால், நியாயமான கவனம் எடுக்கவில்லை என்ற நிபந்தனை இங்கேதான் முழு பலத்தோடு வரும். இன்சூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே போகாதீர்கள். அந்த ஓடை யானைக்கும் மீனுக்கும் வேண்டியது.

எல்லாம் சரியா செஞ்சும் ரிஜெக்ட் பண்ணிட்டா?

காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், பாலிசியின் எந்த வரியின்படி என்று. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (குறைகேட்பு அதிகாரி) போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்ச ரூபாய் வரையிலான தொகையை விசாரிப்பார்கள்.

அங்கே பேசுவது காகிதமும் படமும்தான். வண்டி நின்ற இடத்திலேயே, இழுப்பதற்கு முன், நாலு பக்கமும் படம் எடுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்பது கதவில் சேற்றுக் கோடாகத் தெரியும், அதையும் எடுங்கள். கம்பெனிக்கு போன் செய்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் சாவியை ஜோபியில் போட்டவர் இதையெல்லாம் செய்திருந்தார். சர்வேயர் அந்தச் சேற்றுக் கோட்டின் படத்தைத்தான் முதலில் கேட்டார்.